கலைச்சொல்: ‘சார்ஜிங் ஹேண்ட்ஷேக்’ — கைகுலுக்கலா, இசைவா, உடன்பாடா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

காரில் செருகிக் கைபேசிக்கு மின்னேற்றும் கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு கையேடு உருவாகி வருகிறது. ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. மின்னேற்றியின் மேல் 30 வாட் என்று அச்சிட்டிருக்கும். போனோ 5 வாட்டைத் தாண்டாது. போனிலும் பழுதில்லை, மின்னேற்றியிலும் பழுதில்லை. ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ‘இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர்’ என்று இரண்டும் முடிவுசெய்துகொள்வதைத்தான் ஹேண்ட்ஷேக் என்றும் நெகோஷியேஷன் என்றும் எழுதுகிறார்கள்.

இதுவரை கிடைத்தவை: கைகுலுக்கல், மின்னிசைவு, மின்பேரம். எது பொருந்தும்? வேறு இருந்தாலும் சொல்லுங்கள். சொல் பெயராகவும் வரவேண்டும், வினையாகவும் வரவேண்டும். ‘உங்கள் போன் இந்த மின்னேற்றியோடு …வில்லை’ என்ற வாக்கியத்தில் இடறாமல் உட்கார வேண்டும்.

மடல் 2

> ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

ஐயா, பெயர் வைப்பதற்கு முன் அந்தச் சில நொடிகளில் நடப்பதைப் பார்த்துவிடுவோம். குறைந்தது நான்கு விதமான வழக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நம் சொல் நான்குக்கும் பொருந்த வேண்டும்.

பழையது, யூ.எஸ்.பி. கேபிளில் தகவல் போகும் தரவுக் கம்பிகளைக் கொண்டு அடையாளம் காட்டுவது. 2010இல் வந்த பேட்டரி சார்ஜிங் 1.2 விதிப்படி, மின்னேற்றி தன் இரண்டு தரவுக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும். போன் ஒரு கம்பியில் சிறு மின்னழுத்தம் கொடுத்து மற்றதில் அது தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால் 1.5 ஆம்பியர் வரை இழுக்கலாம். தெரியாவிட்டால் கணினித் துளை என்று எண்ணி 500 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். ஆப்பிள் கருவிகளுக்கான பழைய மின்னேற்றிகள் கம்பிகளை இணைப்பதில்லை, 2.0, 2.7 வோல்ட் என்று நிலையான அழுத்தங்களை வைத்துத் தம்மை அடையாளம் காட்டுகின்றன. மேலே 2.1 ஆம்பியர் என்று போட்ட அப்படி ஒரு மின்னேற்றியில், அந்த அடையாளம் தெரியாத போனைச் செருகினால் அரை ஆம்பியர்தான் ஏறும். போன் ‘முரண்டு பிடிக்கிறது’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

இரண்டாவது, கைபேசிச் சில்லு நிறுவனமான குவால்காமின் குயிக் சார்ஜ். அதில் போன் ஒரு தரவுக் கம்பியில் 0.6 வோல்ட்டை ஏறத்தாழ ஒன்றேகால் நொடி பிடித்து வைத்திருக்கும். மின்னேற்றி அதைப் புரிந்துகொண்டு இரு தரவுக் கம்பிகளின் இணைப்பை அவிழ்க்கும். பிறகு போன் முதல் கம்பியில் 3.3, அடுத்ததில் 0.6 வோல்ட் வைத்தால் 9 வோல்ட் வேண்டும் என்று பொருள், இரண்டிலும் 0.6 என்றால் 12 வோல்ட்.

மூன்றாவது பவர் டெலிவரி, சுருக்கமாக பீ.டி. இங்கே தரவுக் கம்பிகளுக்கு வேலையில்லை. டைப்-சி இணைப்பில் உள்ள சி.சி. என்ற தனி முனையில் இலக்கமுறைச் செய்திகள் போய்வருகின்றன. முதலில் மின்னேற்றி தன்னிடம் உள்ளதைப் பட்டியலிடும்: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர் என்று. போன் அதில் ஒன்றைக் கேட்கும். மின்னேற்றி ‘ஏற்றேன்’ என்று சொல்லி அழுத்தத்தை மாற்றி, ‘தயார்’ என்று அறிவிக்கும். இதன் நீட்சியான பி.பி.எஸ்.ஸில் போன் 20 மில்லி வோல்ட் படிகளில் தனக்கு வேண்டிய அழுத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 10 நொடிக்குள் மறுபடி கேட்டாக வேண்டும், இல்லையேல் உறவு முறியும்.

நான்காவது, சில நிறுவனங்களின் சொந்த முறைகள். ஓப்போவின் வூக் போன்றவை அழுத்தத்தை உயர்த்தாமல் மின்னோட்டத்தை உயர்த்துகின்றன. அதற்குரிய மின்னேற்றியும் கேபிளும் சேர்ந்திருந்தால்தான் முழு வேகம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கைகுலுக்கல் இவற்றில் ஒன்றுக்கும் பொருந்தவில்லை. கைகுலுக்குவது முகமன், இங்கே நடப்பது கேள்வியும் விடையும் முடிவும். அடுத்த மொழிக்காரரின் உவமையை அப்படியே தூக்கி வந்தால் நம் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

மடல் 3

மேலே உள்ள விளக்கம் மின்பேரத்தையும் தள்ளிவிடுகிறது. பேரத்தில் விலை இறங்கும், ஏறும். பீ.டி.யில் மின்னேற்றி போட்ட பட்டியலில் இல்லாததைப் போன் கேட்க முடியாது. பி.பி.எஸ். மட்டும் கொஞ்சம் பேரம் போலத் தோன்றும். அங்கும் எல்லை முன்பே சொல்லப்பட்டதுதான்.

‘இசைவு’ அழகான சொல், ஒப்புதல் என்ற பொருளும் பொருத்தம் என்ற பொருளும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் ‘மின்’ சேர்த்தவுடன் கெட்டுவிடுகிறது. ‘மின்னிசைவு’ என்று எழுதினால் கண் முதலில் ‘மின்னிசை’யில் போய் நிற்கிறது. ஒலிபெருக்கி விவகாரமோ என்று வாசகர் தடுமாறுவார். காரில் ஆடியோ கருவியும் பக்கத்திலேயே இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு.

என் முன்மொழிவு உடன்பாடு. நிகழ்வுக்கு உடன்படல், முடிவுக்கு உடன்பாடு. ‘போனும் மின்னேற்றியும் 9 வோல்ட்டுக்கு உடன்பட்டன’, ‘உடன்படவில்லை, 5 வோல்ட்டிலேயே நிற்கிறது’. முன்னொட்டே தேவையில்லை, சூழல் சொல்லிவிடும். தேவைப்படும் இடத்தில் ‘மின்னேற்ற உடன்பாடு’ எனலாம். பீ.டி. விதிநூலே முடிவான நிலையை ஒப்பந்தம் என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறது, ஆகவே பொருளும் வழுவாது.

மடல் 4

உடன்பாட்டுக்கு என் ஒப்புதல் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை. புதுச்சொல் கிடைத்ததும் எல்லாக் கோளாறையும் அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. காரில் பாதிச் சிக்கல் உடன்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. கையேடு இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் வாசகர் மின்னேற்றி மேல் மின்னேற்றியாக வாங்கிக்கொண்டே இருப்பார்.

முதல் குற்றவாளி கேபிள். கணக்குப் பாருங்கள். மலிவான கேபிள்களில் மின்சாரக் கம்பியே 28 கேஜ்தான் (கேஜ் என்பது கம்பித் தடிமனின் அளவு), மீட்டருக்கு 0.21 ஓம் தடை. 2 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப 4 மீட்டர், ஆக 0.85 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 5 வோல்ட்டில் 3.3தான் போனை எட்டும். போன் அந்த நிலை வரும்வரை காத்திருக்காது. அழுத்தம் சரிவதைக் கண்டதும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது முரண்டு போலத் தெரியும். உண்மையில் போன் சரியாகவே நடந்துகொள்கிறது. அதே கேபிள் 1 மீட்டராகவும் 24 கேஜாகவும் இருந்தால் இழப்பு 0.34 வோல்ட்தான். காருக்குள் 1 மீட்டருக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. கேபிளின் மேல் ‘28/24’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், இரண்டாவது எண் மின்சாரக் கம்பிக்குரியது. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்.

இரண்டாவது, சாக்கெட். அந்தத் துளை சிகரெட் லைட்டருக்காகப் பிறந்தது, இறுகப் பிடிக்கும்படி வடிவமைத்தது அல்ல. நடுவில் உள்ள முனை நேர்மின், பக்கவாட்டு வில்தகடுகள் எதிர்மின். வில்தகடு தளர்ந்தால் வண்டி குலுங்கும்போதெல்லாம் நொடிப்பொழுது மின்சாரம் அறுந்து சேரும். ஒவ்வொரு முறையும் உடன்படல் முதலிலிருந்து தொடங்கும். ‘ஏறுகிறது, நிற்கிறது, ஏறுகிறது’ என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான். மின்னேற்றியை வெளியே எடுத்து வில்தகடுகளைச் சற்று வெளிப்பக்கம் நெம்பிவிட்டு, நுனியின் கருமையைத் துடைத்தால் பல வேளை சரியாகிவிடும். துளைக்குள் விரலோ உலோகமோ விடக் கூடாது. அங்கே உள்ள ஃபியூஸ் சாதாரணமாக 10 முதல் 20 ஆம்பியர், ஒரு தொடுகையில் போய்விடும்.

மூன்றாவது, ஸ்டார்ட் செய்யும் தருணம். ஓடும் என்ஜினில் சாக்கெட்டில் 14 வோல்ட் அளவு இருக்கும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுழலும்போது 9க்கும் கீழே விழலாம். பல கார்களில் அந்தக் கணம் சாக்கெட்டுக்கு மின்சாரமே துண்டிக்கப்படும். பாதி விழிப்பில் தடுமாறிய மின்னேற்றி சில நேரம் 5 வோல்ட்டிலேயே தங்கிவிடும். என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு போனைச் செருகுவதே சரி. மறந்துவிட்டால் கேபிளை மட்டுமல்ல, மின்னேற்றியையே சாக்கெட்டிலிருந்து எடுத்து 10 நொடி கழித்துச் செருக வேண்டும்.

மடல் 5

> பாதிச் சிக்கல் உடன்பாட்டுக்கு வெளியே இருக்கிறது.

முழுதும் ஏற்கிறேன் அண்ணா. அப்படியானால் எது உள்ளே, எது வெளியே என்று வாசகரே சோதிக்க ஒரு வழி கையேட்டில் வேண்டும். கேபிளின் நடுவே செருகினால் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் காட்டும் சிறிய யூ.எஸ்.பி. அளவி போதும். டைப்-சி மின்னேற்றிக்கு டைப்-சி அளவியே வேண்டும், சி.சி. முனையைக் கடத்தாத அளவியைச் செருகினால் அதுவே உடன்பாட்டைக் கெடுத்துவிடும்.

போனின் பேட்டரி 20 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது, திரையை அணைத்துப் பார்க்க வேண்டும். 80ஐத் தாண்டிய பேட்டரியில் எந்த மின்னேற்றியும் மெதுவாகத்தான் ஏற்றும், அங்கே அளந்து பயனில்லை. அளவி 5 வோல்ட் அருகிலேயே நின்று, மின்னோட்டமும் அரை ஆம்பியர் அளவிலேயே இருந்தால் உடன்பாடு இல்லை. 9 காட்டினால் உடன்பாடு ஆகிவிட்டது. 8.4, 8.5 என்று நகர்ந்துகொண்டிருந்தால் பி.பி.எஸ். நடக்கிறது. 9 வோல்ட் இருந்தும் மின்னோட்டம் அரை ஆம்பியர்தான் என்றால் மின்னேற்றியைக் குறை சொல்ல வேண்டாம், போனைத் தொட்டுப் பாருங்கள். முன்கண்ணாடி அருகே வெயில் விழும் தாங்கியில் வழிகாட்டிச் செயலியோடு கிடக்கும் போன் கொதித்துக்கொண்டிருக்கும். பேட்டரி 40 பாகையைத் தாண்டும் நிலையில் போன் ஏற்றத்தைக் குறைப்பது தற்காப்பு.

இரட்டைத் துளை மின்னேற்றிகளைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். ‘30 வாட்’ என்பது இரண்டு துளைக்கும் சேர்த்த கூட்டுத்தொகையாக இருக்கலாம். இரண்டாவது போனைச் செருகியதும் மின்னேற்றி பட்டியலைச் சுருக்கி மறுபடி அறிவிக்கும். முதல் போனில் மின்னேற்றக் குறி ஒருமுறை அணைந்து ஒளிரும். அது பழுதன்று, மறுஉடன்பாடு.

மடல் 6

சொல் பற்றி இன்னும் இரண்டு. ஒன்று, ‘கார் மின்னேற்றி’. மின்சாரக் கார்கள் வந்த பிறகு இது காருக்கே மின்னேற்றும் கருவியையும் குறிக்கிறது. போனுக்கானதைக் காருள் மின்னேற்றி என்று பிரித்துவிட்டால் தேடுபவர்க்கு நல்லது.

இரண்டு, துல்லியம். பேட்டரியில் மின்னேற்றத்தை நடத்தும் சுற்று போனுக்குள்தான் இருக்கிறது. சாக்கெட்டில் செருகுவது 12 வோல்ட்டை இறக்கித் தரும் மின்வழங்கி மட்டுமே. எவ்வளவு இழுப்பது என்று தீர்மானிப்பது போன். ‘3 ஆம்பியர் மின்னேற்றி என் சிறிய போனை எரித்துவிடுமா’ என்று அஞ்சுபவர்களுக்கு இந்த ஒரு வரி நிம்மதி தரும். பெயரை மாற்றச் சொல்லவில்லை, மின்னேற்றி என்ற சொல் ஊன்றிவிட்டது. விளக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

இதற்கு விலக்கும் உண்டு, அதையும் எழுதுங்கள். ஒரு முனை ஏ வகை (பழைய அகன்ற செவ்வக முனை), மறுமுனை டைப்-சி ஆன கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடையம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் 10 கிலோ ஓம் போட்ட தவறான கேபிள்கள் ‘3 ஆம்பியர் இருக்கிறது’ என்று போனிடம் பொய் சொல்லிவிடும். போன் நம்பி இழுக்கும். வலுவற்ற மின்னேற்றி சூடாகிக் கெடும். இதற்கும் பெயர் வேண்டுமே: பொய் உடன்பாடு.

மடல் 7

அனைவருக்கும் நன்றி. கையேட்டுக்கு முடிவானவை: உடன்படல், உடன்பாடு, மறுஉடன்பாடு, பொய் உடன்பாடு, காருள் மின்னேற்றி. வாங்குபவருக்கான பத்தி இப்படி அமைகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

‘முதலில் உங்கள் போன் எந்த முறைக்கு உடன்படும் என்று அதன் விவரக் குறிப்பில் பாருங்கள், வாட் எண்ணைப் பிறகு பாருங்கள். போன் பி.பி.எஸ். கேட்பதானால் மின்னேற்றியின் மேலும் பி.பி.எஸ். என்ற எழுத்தும், 3.3 முதல் 11 வோல்ட் என்பது போன்ற ஒரு வீச்சும் அச்சிட்டிருக்க வேண்டும். சாம்சங் காலக்சியில் 25 வாட் ஏற்கும் போன்கள் இந்த வகை, வெறும் பீ.டி. மின்னேற்றியில் அவை 25ஐ எட்டாமல் கீழ்ப்படியில் நின்றுவிடும். ஐபோன் 8 முதல் பீ.டி. 9 வோல்ட்டுக்கு உடன்படும், ஆனால் ஏ வகைத் துளையில் அல்ல, டைப்-சி துளையில் மட்டும். லாரி, பேருந்து ஓட்டுபவர் 12–24 வோல்ட் உள்ளீடு என்று போட்டதையே வாங்க வேண்டும். காரிலேயே பதித்து வந்த யூ.எஸ்.பி. துளை, குறிப்பாகப் பழைய கார்களில், பாட்டு கேட்பதற்கான தரவுத் துளையாக இருக்கலாம்; அரை ஆம்பியரில் வழிகாட்டிச் செயலி ஓடும் போனின் பேட்டரி ஏறுவதற்குப் பதில் இறங்கக்கூடும்.’

ஒன்று மட்டும் பாக்கி. உடன்படாதபோது போன் போய் விழும் அந்த 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் நிலைக்கு என்ன பெயர்?

மடல் 8

‘அடிநிலை’ என்று வைக்கலாம். ‘உடன்பாடு இல்லாமல் அடிநிலையில் ஏறுகிறது.’ கீழே இறங்கியது என்பதும், அதற்குக் கீழே இடமில்லை என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.