புளியரை வீட்டு பிரிட்ஜும் ஆச்சியின் தேங்காய் எண்ணெயும்

குழு: புளியரைக் குடும்பம்

வெள்ளி, ஜூலை 5

செண்பகம் அத்தை, இரவு 8:42
அண்ணா, எங்கள் வீட்டு டபுள் டோர் பிரிட்ஜ் நான்கு நாட்களாகச் சத்தம் போட்டுத் தூங்கவிடாமல் செய்கிறது. சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகி ஓட்டினால் வருமே, முதலில் அப்படிக் கடகடவென்று கேட்டது. நேற்று முதல் அது மாறி, யாரோ முனகுவதுபோல் இழுத்து இழுத்து ஒலிக்கிறது. கீழே வைத்த பாலும் இன்று காலையில் திரிந்துவிட்டது, ஆனால் மேலே ஐஸ் மட்டும் கல்லாக இருக்கிறது.

அப்பா, இரவு 8:51
ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் சத்தம் நிற்கிறதா என்று பார். பெரும்பாலான மாடல்களில் கதவுச் சட்டத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். கதவு திறந்தால் அது உள்ளே இருக்கும் பேனை நிறுத்திவிடும். திறந்தபடியே அந்தச் சுவிட்சை விரலால் அழுத்தும்போது சத்தம் திரும்பி வந்தால் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் இருக்கும் பேன்தான் காரணம். கதவு திறந்திருந்தும் பின்புறத்தின் அடியிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தால் அது கம்ப்ரசர் பக்கத்துச் சிக்கல், வேறு வழியில் பார்க்க வேண்டும்.

செண்பகம் அத்தை, இரவு 8:58
திறந்தால் நிற்கிறது, அழுத்தினால் முனகுகிறது.

அப்பா, இரவு 9:04
அப்படியானால் பேன்தான். உங்கள் பெட்டியில் குளிர் உண்டாவது மேலே மட்டும். அந்தக் குளிர்ந்த காற்றைக் கீழ் அறைக்குத் தள்ளுவதே பேனின் வேலை. பேன் தளர்ந்தால் மேலே ஐஸ் கட்டியாக இருக்கும், கீழே பால் கெடும். கடகடப்பு என்றால் இறக்கை ஐஸில் உரசுகிறது என்று பொருள். அது தானாக முனகலாக மாறாது. இடையில் யாராவது கை வைத்தீர்களா?

ஆச்சி, இரவு 9:15
நான்தான் சொன்னேன். தையல் மிஷின் சத்தம் போட்டால் எண்ணெய் விடுவதில்லையா? மாப்பிள்ளை வயரைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையின் திருகுகளைக் கழற்றி, பேனின் நடுவில் தேங்காய் எண்ணெய் நான்கு சொட்டு விட்டார். அரை நாள் சத்தமே இல்லை.

அப்பா, இரவு 9:19
அம்மா, மார்கழியில் நம் வீட்டு எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்துத்தானே உருக்குகிறோம்? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். அந்தப் பேன் சுற்றுவதோ கழித்தல் 18 டிகிரியை ஒட்டிய குளிரில். நீங்கள் விட்ட எண்ணெய் இப்போது மெழுகாகி அச்சைப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளை பலகையைக் கழற்றியபோது உள்ளே வெண்பனி இருந்திருக்குமே?

செண்பகம் அத்தை, இரவு 9:24
குளிர் உண்டாக்கும் காயில் குழாய் முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தது என்றார். ஃப்ரீசரில் பனி இருப்பதில் என்ன அதிசயம் என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பா, இரவு 9:33
அதைத்தான் கவனித்திருக்க வேண்டும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் தானே சூடேறிக் காயில் மீது படியும் பனியை உருக்கிவிடும். அதையும் மீறிப் பனி மூடுகிறது என்றால், ஒன்று அந்த ஹீட்டரோ அதன் டைமரோ பழுது, இல்லையேல் உருகிய நீர் இறங்கும் துளை அடைபட்டிருக்கிறது, அதுவும் இல்லையேல் ஈரக்காற்று எங்கிருந்தோ ஓயாமல் உள்ளே நுழைகிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்.

செண்பகம் அத்தை, இரவு 9:47
மேல் கதவில் கீல் பக்கத்து மூலையில் மட்டும் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த மடிப்பில் கருப்பாகப் பூஞ்சையும் இருக்கிறது.

தாத்தா, இரவு 9:52
ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் நம் வீட்டு உப்பு ஜாடியையே விட்டுவைப்பதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அந்தக் காற்று இன்னும் மாறவில்லை.

முத்து, இரவு 9:58
அப்பா, கொல்லத்தில் என் அறையில் இருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டியும் அதிர்கிறது. அதிலும் பேன்தானா?

அப்பா, இரவு 10:03
பொத்தானை அழுத்தி ஐஸ் உருக்கும் பழைய வகையாக இருந்தால் உள்ளே பேனே கிடையாது. நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா, பின்னால் இருக்கும் குழாய் சுவரில் உரசுகிறதா என்று பார்.

செண்பகம், இன்றிரவே வயரைப் பிடுங்கிவிட்டு, பொருட்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, இரண்டு கதவுகளையும் ஒரு முழுநாள் திறந்து வை. அடியில் பழைய துணி போடு. கத்தியால் குத்தி ஐஸை உடைக்காதே. காயில் குழாய் மெல்லிய அலுமினியம், புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் கேஸ் தீப்பற்றக்கூடியது. ஈரம் இருக்கும் இடத்தில் முடி உலர்த்தும் கருவியையும் கொண்டுபோகாதே. நான் ஞாயிறு காலை புனலூரிலிருந்து வருகிறேன்.

ஞாயிறு, ஜூலை 7

அப்பா, பிற்பகல் 1:20
முத்துவுக்காக எழுதுகிறேன். பேனைக் கழற்றி, மோட்டாரில் நீர் படாமல், வெந்நீரில் பிழிந்த துணியால் அச்சிலிருந்த எண்ணெயைத் துடைத்தேன். விரலால் தட்டினால் இப்போது தடையின்றிச் சுற்றுகிறது. இத்தகைய மோட்டார்களுக்கு வெளியிலிருந்து எண்ணெய் விடும் வழக்கமே இல்லை. தேய்ந்தால் மோட்டாரை மாற்றுவார்கள். கதவு ரப்பரைச் சோப்பு நீரால் கழுவி, நசுங்கிய மூலையில் வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி நிமிர்த்தினேன். முன்கால்களைச் சிறிது உயர்த்திவிட்டதால் கதவு கைவிட்டாலும் தானே சாய்ந்து மூடுகிறது. நீர்த் துளையில் வெந்நீர் ஊற்றினேன், தாராளமாக இறங்கியது. அந்த நீர் போய்ச் சேரும் பின்பக்கத் தட்டை இழுத்தபோதுதான் கொசுப்புழு நெளிவதைப் பார்த்தேன். டெங்குக் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஏன் பிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது செண்பகத்துக்கு இன்றுதான் விளங்கியது.

செண்பகம் அத்தை, பிற்பகல் 1:34
அந்தத் தட்டு ஒன்று இருப்பதே பதினோரு ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. இனி வாரம் ஒருமுறை கழுவுகிறேன்.

அப்பா, பிற்பகல் 1:41
இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம். மறுபடி பனி மூடினால் ரப்பரைக் குறை சொல்ல முடியாது. ஹீட்டரைச் சோதிக்க ஆளை அழைக்க வேண்டும்.

திங்கள், ஜூலை 22

செண்பகம் அத்தை, காலை 7:10
அண்ணா, பதினைந்து நாட்களாகியும் கடகடப்பு இல்லை, நோட்டும் வழுக்கவில்லை. இரவில் எப்போதாவது தண்ணீர் கொப்பளிப்பதுபோல் ஓர் ஒலி கேட்கிறது.

அப்பா, காலை 7:22
அது குழாயில் கேஸ் ஓடும் சத்தம், கவலை வேண்டாம்.

ஆச்சி, காலை 7:30
அப்படியானால் பக்கத்து வீட்டில் இருக்கும் என் பலாச்சுளை டப்பாக்களைத் திரும்ப வாங்கி வைக்கலாமா?

அப்பா, காலை 7:33
வைக்கலாம் அம்மா. பின்பலகையில் காற்று வரும் துளைகளுக்கு முன்னால் நான்கு விரல் இடம் விட்டு வையுங்கள்.