நமக்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே பிடித்த விளையாட்டுச் சாமான், உங்கள் வீட்டில் எது?

வானவில் அம்மா:

எங்கள் கூடத்து அலமாரியில் ஒரு மர வானவில் ஒன்றரை மாதம் சும்மாவே நின்றது. பன்னிரண்டு வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும். சாயம் மரத்துக்குள் ஊறியிருப்பதால் உள்ளே ஓடும் ரேகைகள்கூடத் தெரியும். வாங்கிய நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை. மகளுக்கு மூன்று வயது. அவள் கை நீட்டும்போதெல்லாம் "மெதுவா, கீறல் விழுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால் பன்னிரண்டும் தரையில் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய வளைவு குகையாகியிருந்தது, அதற்குள் அவளுடைய துணி முயல். நடுவில் உள்ளவற்றைக் கவிழ்த்து வரிசையாகத் தொட்டில்கள். மிகச் சின்னது அவள் காதில் தொலைபேசி. அலமாரியில் நின்றபோது இருந்ததைவிட அந்த வானவில் எனக்கு அன்றைக்குத்தான் அழகாகத் தெரிந்தது.

இப்படிப் பார்க்கவும் அழகாக, விளையாடவும் நன்றாக அமைந்த சாமான் உங்கள் வீட்டில் உண்டா? உங்களுக்குப் பிடித்துப் பிள்ளைக்குப் பிடிக்காமல் போனது என்றாலும் எழுதுங்கள்.

மரவேலை செய்யும் அப்பா:

என் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1957-இல் மரத்தில் ஒரு விலங்குப் புதிர் செய்தார். யானை, நீர்யானை, ஒட்டகம், பாம்பு என்று மொத்தம் பதினாறு. ஒரு விலங்கின் முதுகுக் கோடுதான் பக்கத்து விலங்கின் வயிற்றுக் கோடு. எல்லாம் சேர்ந்தால் ஒரு செவ்வகம். பிரித்தால் ஒவ்வொன்றும் தானாக நிற்கும். கண்ணும் காதும் வரையவில்லை, வண்ணமும் பூசவில்லை. வெறும் வெளிக்கோட்டிலேயே இது ஒட்டகம், இது பாம்பு என்று தெரிந்துவிடும்.

அதன் படத்தைப் பார்த்ததும், மகனுக்காக ஐந்து விலங்குகள் உள்ள ஒன்றை நானே வரைந்து வெட்டலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பலகையில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து உடைந்துவிட்டது. காரணம் எளிது: மரம் ரேகையின் போக்கில் சுலபமாகப் பிளக்கும். மெல்லிய கழுத்தை ரேகைக்குக் குறுக்கே வரைந்திருந்தேன். அடுத்த பலகையில் கழுத்து ரேகையோடு போகும்படி திருப்பி வரைந்தேன், நின்றது. ஆனால் யானையின் தும்பிக்கை வளைவில் ரம்பத்தின் அலகு திரும்பாமல் மாட்டிக்கொண்டது. அந்த மூலையில் முதலிலேயே சின்னத் துளை போட்டிருக்க வேண்டும். மூன்றாவது பலகையில்தான் முழுதாக வந்தது. அந்த ஒரு கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருந்திருக்கும் என்று மாரியின் மேல் பெரிய மரியாதை வந்தது எனக்கு.

விளிம்புகளை மகனும் நானும் உப்புத்தாள் கொண்டு தேய்த்தோம், முதலில் சொரசொரப்பானது, அப்புறம் நைசானது. வண்ணம் வேண்டாம் என்று தேன்மெழுகு மட்டும் தடவினோம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. விலங்குகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதில் அவனுக்கு ஆசைதான். ஆனால் அதைவிட ஆசை, அவற்றைத் திரும்ப அடுக்கிப் பலகையாக்குவதில். "எல்லாரும் வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவான். கடைசி விலங்கு உள்ளே இறங்கும்போது ஒரு சத்தம் வரும், அதற்காகவே நாலைந்து முறை பிரித்துப் பிரித்து அடுக்குவான். மற்ற எந்தச் சாமானையும் அவன் எடுத்துவைத்து நான் பார்த்ததில்லை.

மூன்று பிள்ளைகளின் அம்மா:

எங்கள் வீட்டில் ஒன்று எடுபடவே இல்லை அக்கா. வெண்மை, சாம்பல், வெளிறிய பழுப்பு என்று அடுக்கிக் கட்டி விளையாடும் மரத்துண்டுகள். எங்கள் கூடத்தின் திரைச்சீலைக்கு அவ்வளவு பொருத்தம். பெரியவளும் நடுவிலுள்ளவனும் ஒரு வாரம் கண்டுகொள்ளவே இல்லை. கைக்குழந்தைக்காவது பிடிக்கும் என்று பார்த்தால் அதுவும் திரும்பவில்லை. பிறந்த குழந்தைகளுக்குக் கறுப்பு வெள்ளைபோல அழுத்தமான வேறுபாடுதான் முதலில் கண்ணில் படும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மங்கலுக்குள் இன்னொரு மங்கலை அதற்கு எப்படிப் பிரித்துத் தெரியும்?

ஒரு நாள் நடுவிலுள்ளவன் மெழுகு வண்ணக்கோலால் எல்லாத் துண்டுகளிலும் சன்னலும் கதவும் வரைந்துவிட்டான். அன்று எனக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அன்றிலிருந்துதான் அவை ஊராக மாறின. இப்போது தினமும் அந்த ஊரில் வீடுகள் எழும்புகின்றன. வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கூடத்தை மட்டும் நினைத்தார்கள், பிள்ளையை நினைக்கவில்லை என்பது என் கருத்து.

பேரன் பேத்தி உள்ள பாட்டி:

நீங்கள் எல்லாரும் எழுதுவதைப் படிக்க ஆசையாக இருக்கிறது கண்ணுகளா. எங்கள் வீட்டில் ஒரு மரக் குரங்கு இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த காய் போயெசென் 1951-இல் வடிவமைத்தது. அவர் வெள்ளி வேலை கற்றவர், அப்புறம் மரத்துக்கு வந்தவர். உடம்பு தேக்கு, முகமும் வயிறும் வெளிறிய லிம்பா மரம். கையும் காலும் கொக்கிபோல வளைந்திருக்கும், எதில் மாட்டினாலும் தொங்கும்.

மருமகள் அதைப் புத்தக அலமாரியில் தொங்கவிட்டிருந்தாள். பேரன் நடக்கத் தொடங்கியதும் அதைக் கேட்டு அழுவான். "அது பார்க்கிறதுக்கு" என்று மகன் சொல்வான். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு மதியம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாற்காலி முதுகில், என் கைத்தடியில், என் புடவைத் தலைப்பில் என்று எங்கே விளிம்பு கண்டாலும் மாட்டினான். எது தாங்கும், எது வழுக்கும் என்று அவனே கண்டுபிடித்தான். ஒரு கையில் மாட்டினால் ஆடும், இரண்டு கையில் மாட்டினால் ஆடாது என்பதையும் அந்த ஒரு மதியத்திலேயே தெரிந்துகொண்டான்.

மாலையில் மகன் வந்து பார்த்தான். அவனுடைய சட்டைப் பையிலும் பேரன் குரங்கை ஒற்றைக் கையால் தொங்கவிட்டான். மகன் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே அதோடு சாப்பிட உட்கார்ந்தான். குரங்கின் காலில் இப்போது இரண்டு மூன்று வடுக்கள் இருக்கின்றன. தேக்குதானே, தாங்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்:

அழகைப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த அல்ல. தங்கை மகளுக்கு ஒரு மரக் கிலுகிலுப்பை பரிசாக வந்தது. அவ்வளவு நேர்த்தி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம். இரண்டாம் வாரம் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த மணி கழன்று குழந்தையின் வாயில் இருந்தது. என் தங்கை விரலால் எடுத்துவிட்டாள், நல்லவேளை.

அதற்கப்புறம் எவ்வளவு அழகான சாமானாக இருந்தாலும் மூன்று வயதுக்குக் கீழே என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பாதுகாப்புச் சோதனைகளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்னக் குழாயை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. ஒட்டிய பாகங்களை நான் நன்றாக இழுத்தும் திருகியும் பார்த்துவிடுவேன். காந்தம் உள்ள சாமான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டும் குடற்சுவரைத் துளைத்துவிடும்.

லெகோ அண்ணன்:

லெகோவை யாரும் சொல்லவில்லையே! ஒன்றோடொன்று பொருந்தும் அந்த பிளாஸ்டிக் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். மேலே எட்டுக் குமிழ் வைத்த ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் போதும், 91,51,03,765 விதமாக இணைக்கலாம். என் சிறு வயதுக் கட்டைகளை என் மகள் தன் புதுக் கட்டைகளோடு பொருத்தியபோது அதே "டிக்" சத்தம். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஓவிய ஆசிரியை:

வானவில் அம்மா, நீங்கள் அலமாரி என்றதும் எனக்கு அல்மா புஷர் நினைவு வந்தார். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் முதலில் நெசவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மரச்சிற்பப் பட்டறைக்கு வந்தவர். 1923-இல் வைமார் நகரில் பௌஹௌஸ் ஒரு மாதிரி வீட்டைக் கட்டியபோது குழந்தைகள் அறையை வடிவமைத்தவர் அவர். அந்த அறையில் இருந்த அலமாரியை நான் படத்தில் பார்த்து வியந்திருக்கிறேன். அதன் கதவில் ஒரு திறப்பு, அது பொம்மலாட்ட மேடை. உள்ளே இருக்கும் பெட்டிகளை வெளியே இழுத்தால் பிள்ளைகள் உட்காரலாம், தள்ளிக்கொண்டு போகலாம். சாமான் வைக்கும் அலமாரியே சாமான்!

அதே ஆண்டு அவர் செய்த கப்பல் கட்டும் மரத்துண்டுகளின் மறுபதிப்பு என் வகுப்பறையில் இருக்கிறது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, வெள்ளை என்று 22 துண்டுகள். பெரியவர்கள் யார் வந்தாலும் பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்துக் கப்பல்தான் கட்டுவார்கள். பிள்ளைகள் இதுவரை ஒரு முறைகூடக் கப்பல் கட்டவில்லை. மலை வந்திருக்கிறது, தூங்கும் பெரிய மீன் வந்திருக்கிறது. ஒரு சிறுமி எல்லாவற்றையும் நீளத்தின்படி வரிசையாக அடுக்கி, "இது பாட்டு" என்றாள். நீளமான துண்டைத் தொட்டால் நீட்டிப் பாடினாள், குட்டையைத் தொட்டால் சட்டென்று நிறுத்தினாள். நாங்கள் எல்லாரும் அவளோடு பாடினோம்.

நான் சொல்ல வந்தது, உங்கள் வானவில்லை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துப் பாருங்கள்.

வானவில் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பாட்டி, உங்கள் குரங்குக் கதையைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

டீச்சர் சொன்னபடி கீழ்த்தட்டைக் காலி செய்து வானவில்லை அங்கே வைத்துவிட்டேன். இரண்டாம் நாளே நீல வளைவைக் காணோம். கட்டிலுக்கடியில், துணிக்கூடையில், எங்கு தேடியும் இல்லை. எங்கே வைத்தாய் என்று கேட்டால் "தூங்குது" என்றாள். இன்று காலை படுக்கை உதறும்போது கிடைத்தது. அவள் தலையணைக்குக் கீழே, துணி முயலுக்குக் கூரையாக. ஓரத்தில் ஒரு நீளக் கீறல். முயல் உள்ளேயே இருந்ததால் அப்படியே விட்டுவிட்டுத் தலையணையை மேலே வைத்தேன்.