செலினியத்தோடு பழகியவர்கள் எழுதுங்கள்: கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

சென்னிமலைக்காரன்:
ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாசு குறைவாகச் சேர்மம் செய்யும் 'பசுமை வேதியியல்' என்று யார் சொன்னாலும், கழிவு எங்கே போகிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது எங்கள் ஊர்த் திண்ணைகளில் இன்றும் பேச்சாக இருக்கிறது. கோவைக்கு ஆய்வு செய்ய வந்தபோதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

இண்டோல் என்பது நைட்ரஜன் உள்ள ஓர் இரட்டை வளைய மூலக்கூறு. அதன் மூன்றாம் கார்பனில், கந்தகத்தின் இனத்தைச் சேர்ந்த செலினியம் என்ற தனிமத்தை இணைப்பது எங்கள் வேலை. பழைய முறைகளில் செலினைல் குளோரைடு போன்ற கடுமையான வினைப்பொருள்களும் குளோரின் கலந்த கரைப்பான்களும் உண்டு. நாங்கள் டைபீனைல் டைசெலினைடை எத்தனாலில் கரைத்து, நீல எல்இடி விளக்கின் கீழ், காற்றுப் படும்படி கலக்கவிடுகிறோம். டைசெலினைடில் உள்ள இரண்டு செலினியம் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது. வெளிச்சமே அதைப் பிளந்துவிடும். குடுவையின் மஞ்சள் வெளிறிக்கொண்டே வருவதை வைத்து வினை எந்த அளவில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதுவரை எல்லாம் அழகுதான். பிறகு, சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விளைபொருளைப் பிரித்தெடுக்க லிட்டர் கணக்கில் ஹெக்சேன் ஊற்ற வேண்டும்! வினைக்கான எத்தனாலை மட்டும் கட்டுரையில் எழுதிவிட்டு இதை விழுங்கிவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று கேட்கும் ஈ-காரணியை ரோஜர் ஷெல்டன் முன்வைத்தார். அந்தக் கணக்கில் ஹெக்சேனையும் சேர்த்தால் பல 'பசுமை' முறைகளின் சாயம் வெளுத்துவிடும். எங்கள் சேர்மங்களில் சில, குடுவையிலேயே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குளிரவைத்தால் படிகமாக இறங்கிவிடுகின்றன, வடிகட்டினால் போதும். எண்ணெயாக நிற்பவற்றுக்கு இன்னும் குழாய்தான் கதி.

நாமக்கல் பண்ணைக்காரர்:
எனக்கு வேதியியல் தெரியாது, செலினியம் தெரியும். ஒருமுறை குஞ்சுகளுக்கு நெஞ்சுத் தோலடியில் பச்சை கலந்த நீர் கோத்துக்கொண்டது. கால்நடை மருத்துவர் தோலைக் கீறிக் காட்டிவிட்டு, வைட்டமின் ஈயும் செலினியமும் குறைவு என்றார். தீவனத்தில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்ற அளவில்தான் சேர்க்கிறோம். கை கொஞ்சம் தாராளமானால் அதுவே நஞ்சு என்று அவர் எச்சரித்ததால், கலவை எந்திரத்தின் பக்கம் நானே நின்றுகொள்கிறேன். உங்கள் புதுச் சேர்மங்களைக் கோழிக்குக் கொடுக்கலாமா?

சிங்காநல்லூர் மாணவி:
நான் கணினியில் மூலக்கூறுகளை ஆராயும் பக்கம். எப்செலன் என்ற செலினியச் சேர்மம் நம் உடலின் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியைப் போல வேலை செய்யக்கூடியது. கொரோனா வைரஸின் முதன்மைப் புரோட்டியேஸை (புரதங்களை வெட்டும் நொதியை) அது முடக்குகிறது என்று 2020இல் ஆய்வு வெளிவந்ததும், எங்கள் துறையில் ஆளாளுக்கு மூலக்கூறுப் பொருத்தம் (ஒரு சேர்மம் புரதத்தின் குழிக்குள் எப்படிப் பொருந்துகிறது என்ற கணினிக் கணக்கு) பார்க்கத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் கையில் இருந்தது ஆட்டோடாக் வினா (AutoDock Vina) என்ற மென்பொருள். அந்த மென்பொருள் செலினியத்தைக் கந்தகமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எப்செலனையும், அதில் செலினியம் இருக்கும் இடத்தில் கந்தகம் வைத்த சேர்மத்தையும் ஓட்டிப் பார்த்தேன். மென்பொருள் தரும் பொருத்த மதிப்பெண்ணில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பிறகு எதற்காகச் செலினியம்?

உண்மையில் எப்செலன் அந்த நொதியின் 145ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு வேதிப் பிணைப்பே உண்டாக்கக்கூடியது. சிஸ்டீனின் கந்தகம் செலினியத்தைத் தாக்கும்போது செலினியம்–நைட்ரஜன் பிணைப்பு அறுந்து எப்செலனின் வளையம் திறக்கிறது. சாவி பூட்டுக்குள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும் கணக்கில் இது தெரியாது. அதனால், எலக்ட்ரான்களின் பரவலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக் (DFT) கணக்குக்குப் போனேன். எலக்ட்ரான் எங்கே குறைந்திருக்கிறது, பிணைப்பு அறுபட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது அதில்தான் தெரிகிறது. கணினி இரவெல்லாம் ஓடும்; மின்சாரம் நின்றால் வயிறு கலங்கும். இன்னொரு தலைவலியும் உண்டு: எப்செலன் வேறு பல புரதங்களின் சிஸ்டீனையும் பிடித்துக்கொள்ளும். மருந்தாக்குவதில் அதுதான் பெரிய முட்டுக்கட்டை என்று நினைக்கிறேன்.

பண்ணைக்கார அண்ணா, கோழிக்குக் கொடுத்துவிடாதீர்கள். தீவனத்தில் சேர்க்கும் செலினியம் ஈஸ்ட்டில் இருப்பது செலினோமெத்தியோனின் என்ற அமினோ அமிலம். எங்கள் சேர்மங்கள் வேறு இனம், இன்னும் நச்சுச் சோதனைகூட நடக்கவில்லை.

நாமக்கல் பண்ணைக்காரர்:
சரி அம்மிணி. ஆனால் அந்தக் குடுவைகளைக் கழுவிய தண்ணீர்?

சென்னிமலைக்காரன்:
வாஷ்பேசினில் விடுவதில்லை, அண்ணா. நாற்றம் பிடித்த குடுவைகளைப் புகைக்கூண்டுக்குள் பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்கிறோம். அந்தக் கரைசலும் செலினியம் படிந்த சிலிக்காவும் தனித்தனிக் கேன்களில், பெயர் எழுதிய சீட்டோடு, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் போகின்றன. கேன் நிரம்பியும் அவர்கள் வராத வாரங்களில் புது வினை தொடங்குவதில்லை.