ஸ்பிளாஷ் மவுண்டன் போய் டியானா வந்தாச்சு: அந்தக் கடைசிச் சரிவு மட்டும் ஏன் சப்புனு இருக்கு?

கட்டைப்படகு (கேள்வி)

ஃப்ளோரிடாவுல டிஸ்னியோட மேஜிக் கிங்டம் பூங்காவுல, கட்டைப்படகுல தண்ணியில போய்ச் சரிவுல விழுற ஸ்பிளாஷ் மவுண்டன் ரைடோட கடைசி நாள் 2023 ஜனவரி 22. அதே மலையில, அதே கால்வாயில 2024 ஜூன் 28 அன்னைக்கு, தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக் படத்து டியானாவை வெச்சு டியானாஸ் பயூ அட்வெஞ்சர் திறந்தாங்க. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட்ல அதே வருஷம் நவம்பர் 15. படகு போற பாதையில கை வைக்கல. கடைசிச் சரிவும் அதே ஐம்பது அடிச் சொச்சம்தான்.

ஆனா பழைய ரசிகர்கள் பலரும் சொல்றது ஒண்ணுதான்: விழும்போது வயித்துல ஒண்ணுமே பண்ணல. உயரம் குறையல, சாய்வு குறையல. அப்போ குறைஞ்சது எது? வெறும் பழைய ஞாபகத்தோட வேலையா இது?

பழைய கதையை நீக்குனது சரியாங்கிற சண்டை இங்க வேண்டாம். அது 1946-ல வந்த சாங் ஆஃப் தி சவுத் படத்தோட கதை. தோட்டப் பண்ணையில கறுப்பின மக்கள் பட்ட பாட்டை மறைச்சு இனிப்பு தடவிக் காட்டுன படம்னு வந்த அன்னைக்கே எதிர்ப்பு. அமெரிக்காவுல அதை வீட்டு வீடியோவா டிஸ்னி வெளியிட்டதே இல்ல. எடுத்ததுல எனக்குக் குறை இல்ல. எடுத்த இடத்துல எதை வெச்சாங்கங்கிறதுதான் கேள்வி.

இன்னொண்ணு: டோக்கியோ டிஸ்னிலேண்ட்ல இன்னும் ஓடுற ஸ்பிளாஷ் மவுண்டன் ஃப்ளோரிடாவுல இருந்த மாதிரியேதானா?

ஓடைக்கரை

குறைஞ்சது, விழுறதுக்கான காரணம்.

பழைய ரைடுல கதை மொத்தமும் அந்த ஒரு சரிவை நோக்கித்தான் ஓடும். முயல் வீட்டை விட்டுக் கிளம்புது. நரியும் கரடியும் பின்னாலயே வருது. நடுவுல கரடியைத் தேனீக்கிட்ட மாட்டிவிட்டுச் சிரிக்குது முயல். கடைசியில நரி கையில சிக்குது. "என்ன வேணா பண்ணு, அந்த முள்ளுப்புதர்ல மட்டும் தூக்கிப் போட்டுடாதே"ங்கிற மாதிரி கெஞ்சுது. முயல் பிறந்து வளர்ந்ததே முள்ளுப்புதர்ல. நரிக்கு அது தெரியாம தூக்கி எறியுது. அந்த எறியுற நொடியும் நம்ம படகு விழுற நொடியும் ஒண்ணு. நாமளே முயலா விழுறோம், விழுந்ததாலயே தப்பிக்கிறோம். கீழ வந்ததும் துடுப்புச்சக்கரப் படகுல எல்லாரும் பாடி வரவேற்கும்போது அந்தக் கொண்டாட்டம் நமக்கு உரியதா இருக்கும்.

கடைசிச் சரிவுக்கு முன்னால படகை மேல தூக்குற லிஃப்ட்டை மட்டும் தனியா நினைச்சுப் பாருங்க. பெல்ட் படகைப் பிடிச்சதும் முன்பக்கம் தூக்கும், முதுகு சாயும். அதுவரைக்கும் துள்ளிக்கிட்டிருந்த பாட்டு அடங்கிப் போயிருக்கும். சுத்தி இருட்டு. தலைக்கு மேல ரெண்டு பிணந்தின்னிக் கழுகு, கூன் போட்டு உட்கார்ந்து நம்மளையே குனிஞ்சு பார்த்துப் பேசும். உச்சியில ஒரு துண்டு வானம் மட்டும் வெளிச்சமா தெரியும். படகு இன்னும் விழவே இல்ல, ஆனா வயிறு அப்பவே இறங்கியிருக்கும். பயம் சரிவுல இல்ல, அந்த ஏத்தத்துலதான் இருந்துச்சு.

புதுசுல என்ன நடக்குது? டியானா மார்டி கிரா திருவிழாவுக்கு விருந்து வைக்கிறா, அதுக்கு வாத்தியக்காரங்க வேணும். லூயி முதலையோட சதுப்புக்குள்ள தேடிப் போறோம். மாமா ஓடிங்கிற மந்திரக்காரப் பாட்டி நம்மளைத் தவளை அளவுக்குச் சுருக்குறாங்க, பிறகு பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து விருந்துக்கு அனுப்புறாங்க. வாத்தியக்காரங்க கிடைக்காம போயிடுவாங்களோன்னு ஒரு நிமிஷம்கூட யாருக்கும் கவலை வராது. 2009-ல வந்த அந்தப் படத்துல அவ்வளவு பலமா இருந்த வில்லன் டாக்டர் ஃபெசிலியே ரைடுல கிடையவே கிடையாது. சந்தோஷமான இடத்துலேர்ந்து இன்னொரு சந்தோஷமான இடத்துக்குப் போறதுக்கு நடுவுல ஐம்பது அடிப் பள்ளம். உடம்பு விழுது, மனசுக்கு ஏன்னு தெரியல.

தண்டவாளம்

மேல சொன்னதோட முழுசா ஒத்துப்போறேன். கூட ஒரு தொழில்நுட்ப விஷயம்.

கட்டைப்படகு ரைடுல சரிவு அசையாம கட்டி வெச்சது. படகை இழுக்குறது புவியீர்ப்பு. எங்க ஏறும், எங்க விழும், விழுந்த பிறகு எவ்வளவு தூரம் மிச்சம் எல்லாம் கலிஃபோர்னியாவுல 1989-லயும் ஃப்ளோரிடாவுல 1992-லயும் திறந்தப்பவே முடிவானது. புதுக் கதை எழுதுறவங்க அந்தப் பள்ளங்களுக்குத் தகுந்த மாதிரி கதையை வளைக்கணும், பள்ளத்தை நகர்த்த முடியாது.

லிஃப்ட் மேல போய்த் திடீர்னு விழுற டவர் ஆஃப் டெரர் ரைடை எடுத்துக்கோங்க. கலிஃபோர்னியாவுல அது 2017 ஜனவரி 2-ல முடிஞ்சு, மே 27-ல கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸியா வந்தப்போ இதைவிடப் பெரிய கூச்சல். ஆனா அங்க ஏறி இறங்குறது மோட்டார் கையில. ஆறு பாட்டு வெச்சு, பாட்டுக்கு ஒரு விதமா தூக்கித் தூக்கிப் போடுற மாதிரி புதுசா எழுதிட்டாங்க. கட்டடத்தோட அழகு போச்சுன்னு இன்னைக்கும் வருத்தப்படலாம், நானும் வருத்தப்படுறேன். ரைடு சப்புனு இருக்குன்னு மட்டும் சொல்ல முடியாது.

பாதையை மாத்தாமலும் சரியா செய்யலாம். ஃப்ளோரிடாவுல டிஸ்னியோட எப்காட் பூங்காவுல, நார்வே கூடாரத்துல இருந்த மேல்ஸ்ட்ராம் படகு ரைடு 2014 அக்டோபர் 5-ல மூடி, 2016 ஜூன் 21-ல ஃப்ரோஸன் எவர் ஆஃப்டரா வந்துச்சு. அந்தப் பாதையில ஒரு இடத்துல படகு பின்னால போகும். பழசுல மூணு தலைப் பூதம் கோபத்துல துரத்திவிடும். புதுசுல எல்சா கையை நீட்ட, பனி மந்திரம் பின்னால தள்ளும். நார்வே கூடாரத்துல ஃப்ரோஸன் படத்துக் கற்பனை நாடான அரெண்டெல் எதுக்குங்கிற மனக்குறை நியாயம்தான். ஆனா அந்தத் திருப்பத்துக்கு ஒரு காரணம் போச்சு, பதிலுக்கு இன்னொரு காரணம் வந்துச்சு. டியானாவுல பழைய காரணம் போச்சு, அந்த இடம் காலியாவே இருக்கு.

இன்னொரு சிக்கல் வசனம். படகு மிதந்து போறது. ஆள் பாரம், தண்ணி ஓட்டம், முன்னால நிக்கிற படகு இதெல்லாம் பொறுத்து ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு நேரத்துல வந்து சேரும். பாட்டுன்னா எந்த வரியில நுழைஞ்சாலும் ஒட்டிக்கும். பழைய ரைடு மூணே பாட்டை வெச்சு ஓடுச்சு. புதுசுல டியானாவும் மாமா ஓடியும் பேசித்தான் கதையை நகர்த்தணும். ஒரு வரி தப்புனா எதுக்குப் போறோம்னே புரியாது.

பொம்மைப்பட்டறை

கதை விஷயத்துல சரி. ஆனா ரைடுல ஆடிப் பேசுற இயந்திரப் பொம்மைகளைப் பத்தி நியாயமா பேசணும்.

டிஸ்னிலேண்ட் ஸ்பிளாஷ் மவுண்டன்ல நூத்துக்கும் மேல பொம்மைகள். பெரும்பாலானது 1974-லேர்ந்து 1988 வரைக்கும் அதே பூங்காவுல ஓடுன அமெரிக்கா சிங்ஸ்ங்கிற பொம்மைக் காட்சியிலேர்ந்து எடுத்து வெச்சது. டிஸ்னியில ரைடு வடிவமைக்கிற டோனி பாக்ஸ்டர் 1983-ல இந்த யோசனைக்கு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்: அங்க நல்ல பொம்மைகள் கூட்டமில்லாம கிடந்துச்சு, இந்தப் பக்கம் பூங்காவோட பேர் கன்ட்ரிங்கிற பகுதியில ஆள் வரல. அதனால "மூலத்தைக் கெடுத்துட்டாங்க"ன்னு சொல்றதுக்கு முன்னால, அந்த மூலமே பழைய பொம்மைக்குப் புதுக் கதை கொடுத்துத்தான் பிறந்துச்சுங்கிறதை மறக்கக் கூடாது.

புது டியானாவோட தோள் திரும்புற விதம், பேசும்போது கன்னமும் உதடும் சேர்ந்து அசையுறது, லூயியோட அந்தப் பெரிய உடம்பு மொத்தமும் ஆடுறது, இதெல்லாம் பழைய ரைடுல எந்தப் பொம்மையும் செய்யல. குறை எண்ணிக்கையிலதான். பழசுல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒண்ணு கரையில பாடிக்கிட்டிருக்கும். புதுசுல நல்ல பொம்மைக்கும் நல்ல பொம்மைக்கும் நடுவுல வெறும் செடிகொடி, மின்மினி வெளிச்சம். படகு மெதுவா போற ரைடுல அந்த வெறுமை நல்லாத் தெரியும்.

கடைசி விருந்துக் காட்சி மட்டும் பழசுக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சதில்ல. அதை யாரும் சொல்றதே இல்லங்கிறதுதான் எனக்கு ஆதங்கம்.

மைஹாமா_பயணி

டோக்கியோ கேள்விக்கு.

1992 அக்டோபர் 1-ல திறந்தது இன்னும் ஸ்பிளாஷ் மவுண்டனாவே ஓடுது. அந்தப் பூங்கா டிஸ்னியோட உரிமம் வாங்கி ஓரியன்டல் லேண்ட் நிறுவனம் நடத்துறது, அதனால அமெரிக்காவுல எடுத்த முடிவு அங்க தானா வந்து சேராது. கதை அதே வரிசை, சரிவு 16 மீட்டர், வேகம் மணிக்கு 62 கி.மீ. வரைக்கும். ஃப்ளோரிடா மாதிரி ரெண்டு ரெண்டு பேரா உட்காரலாம். கலிஃபோர்னியாவுல ஒருத்தர் பின்னால ஒருத்தர். குழந்தைக்கு உயரம் 90 செ.மீ. போதும், ஃப்ளோரிடாவுல 102 வேணும்.

பேச்சு ஜப்பானிய மொழியில. கதை தெரிஞ்சுட்டுப் போனா ஒரு சிக்கலும் இல்ல, மேல ஓடைக்கரை எழுதினதே போதும்.

போறதுக்கு முன்னால பூங்கா தளத்துல பராமரிப்பு நாட்களைப் பார்த்துடுங்க. தண்ணி ரைடுங்கிறதால குளிர் மாசங்கள்ல நீளமா மூடி வைக்கிறது வழக்கம். மலைக்குள்ளயே கிராண்ட்மா சாராஸ் கிச்சன்னு சாப்பாட்டுக் கடை இருக்கு, அதையும் பார்க்கணும்.

கட்டைப்படகு

எல்லாருக்கும் நன்றி. ஏத்தத்துலதான் பயம் இருந்துச்சுங்கிறது பிடிபட்டுச்சு. கடைசியா ஒண்ணு: புதுசுல ஏறுறவங்க எங்க உட்காரணும்?

ஓடைக்கரை

விழுறதை நல்லா உணரணும்னா பின்வரிசை. தலை மறைக்கும், ஆனா நனையுறது குறைவு, படகு முழுசும் தாண்டி விழும்போது பின்னால இருக்கிறவங்களைச் சட்டுனு இழுக்கும். அந்த ஏத்தத்துல இல்லாத பயத்துல கொஞ்சம் அங்க கிடைக்கும். பொம்மைகளைப் பார்க்கணும்னா முன்வரிசை. எதிர்ல ஒண்ணும் மறைக்காது, தண்ணி முகத்துலயே அடிக்கும். எந்த வரிசையா இருந்தாலும் பையைக் காலடியில வைக்காதீங்க, தரையில தண்ணி நிக்கும், மடியில வெச்சுக்கோங்க. முடிஞ்சா இருட்டின பிறகு ஏறுங்க. வெளி வெளிச்சம் இல்லாததால உச்சியில என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, சரிவு கொஞ்சம் பழைய மாதிரி வரும்.