தக்ளித் தண்டு கடையும்போது நடுவில் துடிக்கிறது, வழி சொல்லுங்கோ

வணக்கம். திருகோணமலையில் பஞ்சு நூற்கும் தக்ளிகளை மர லேத்தில் கடைகிறோம். தண்டில் கோக்கும் வட்டு 50 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிப்பு. முதிரை மரத்தில் 18 கிராம் அளவில் வரும். தேக்கில் 13 தான், சுழற்சி சீக்கிரம் ஓய்ந்துவிடும். வட்டில் சிக்கல் இல்லை. முதலில் துளை போட்டு, அதையே மையமாகப் பிடித்து விளிம்பைக் கடைகிறோம். கடைந்தபின் துளைத்தால் அரை மி.மீ. விலகினாலும் நூற்கும் கை உணரும்.

வில்லங்கம் தண்டில்தான். நீளம் 250 மி.மீ., முடிவுத் தடிப்பு 6. எட்டுக்குக் கீழே இறங்கியதும் நடுப்பகுதி உளிக்கு விலகி வளைகிறது. மேலே திருகு திருகாகக் கோடு விழுகிறது. பின்மையத்தை (லேத்தில் தண்டின் மறுமுனையை அழுத்தித் தாங்கும் கூர்முனை) இறுக்கினால் இன்னும் வில்லாகிறது, தளர்த்தினால் நழுவுகிறது. பின்மையப் பக்கமிருந்து 40 மி.மீ. வீதம் முடித்துக்கொண்டு வந்து, விரலால் பின்னால் தாங்கியும் பாதிதான் சரி. விரலும் சுடுகிறது.

நூல் கட்டித் தாங்கும் முட்டு செய்தவர்கள் அளவோடு படம் போடுங்கோ. முதிரையில் நார் பின்னிக் கிடப்பதால் தண்டுக்கு வேறு மரம் வேணும் என்று நினைக்கிறோம். எது நல்லது? உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் நேர் நாராக, நன்றாக உலர்ந்த துண்டு கிடைக்கும் மரக்காலை தெரிந்தால் அதையும் எழுதுங்கோ. மாரி தொடங்கினால் ஈரம் ஏறிவிடும், அதற்கு முன் எடுத்து வைக்க வேணும்.