பேட்டரியில் இயங்கும்போது அணைந்துவிடும் மடிக்கணினி: அரூர், தருமபுரி நண்பர்களின் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் தங்கையின் விண்டோஸ் 11 மடிக்கணினி எவ்வித எச்சரிக்கையும் இன்றிச் சட்டென்று அணைந்துவிடுகிறது. திட்ட அறிக்கையை அவள் விரைவில் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் வீட்டில் அனைவருக்கும் கவலையாக இருக்கிறது.

கணினியில் நிகழ்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு காணப்படுகிறது. ஆனால் கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. சூடேறுவதாக இருக்கலாம் என்று விசிறியில் படிந்திருந்த தூசியை நீக்கி, பிராசஸரின் வெப்பநிலையைக் கவனித்து வந்தோம். 70 டிகிரி செல்சியஸைத் தொடாத நேரத்திலும் அணைகிறது. சார்ஜரில் இணைத்திருக்கும்போது இவ்வாறு நேர்வதே இல்லை. அரூரில் மின்தடை வரும் நேரங்களில், பேட்டரியில் 40 விழுக்காடு இருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருக்கையிலேயே, குறிப்பாகக் காணொளி அழைப்பு போன்ற சுமையான வேலையின் நடுவே நின்றுவிடுகிறது. பேட்டரி உப்பவில்லை, எனினும் அது தேய்ந்துபோய், சுமை கூடும்போது மின்னழுத்தம் சரிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழுதுநீக்கும் கடையிலோ மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவுக்கு முன், பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்ப்பது சரியா? தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ, பேட்டரியை முதலில் சோதித்துக் காட்டும் நம்பகமான கடை தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.