மனையியல் நிர்வாகிகள் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் எங்கே இருக்கும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மனையியல் டீன்களும் துறைத்தலைவர்களும் நடத்திய சங்கத்தின் வரலாற்றைத் தொகுப்பதில், 1960களிலிருந்து 1994 வரையிலான பகுதி நகரவே இல்லை. தாய்ச் சங்கத்தில் சிக்கலில்லை: 1899இல் லேக் பிளாசிட் மாநாடு, 1909இல் எலன் ரிச்சர்ட்ஸ் முதல் தலைவராக அமெரிக்க மனையியல் சங்கம், 1993 ஸ்காட்ஸ்டேல் கூட்டத்தை அடுத்து 1994இல் ‘குடும்ப, நுகர்வோர் அறிவியல்’ என்ற புதுப் பெயர்.

நிர்வாகிகள் சங்கம்தான் பிடிபடவில்லை; அந்த வகையில் இரண்டு அமைப்புகள் தென்படுகின்றன. ‘நேஷனல் கவுன்சில் ஆஃப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆஃப் ஹோம் எகனாமிக்ஸ்’ ஒன்று. அதே பெயரில் ‘அசோசியேஷன்’ என்று தொடங்குவது இன்னொன்று. தேடல் முடிவுகளில் இரண்டும் கலந்தே வருகின்றன.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘ஹார்த்’ என்ற மனையியல் நூல், இதழ் இணையக் காப்பகம் பார்த்தாயிற்று; அது 1950ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. ‘ஜர்னல் ஆஃப் ஹோம் எகனாமிக்ஸ்’ இதழில் அறிவிப்புகள் உண்டு, நமக்கு வேண்டிய தீர்மானங்கள் இல்லை. ‘ஹோம் எகனாமிக்ஸ்’ என்று மட்டும் தேடினால் பாதி தவறிப்போகும் (கார்னெலின் மனையியல் கல்லூரியே 1969இல் ‘ஹியூமன் எகாலஜி’ ஆகிவிட்டது) என்பதால் ‘ஹியூமன் சயின்சஸ்’, ‘ஃபேமிலி ஸ்டடீஸ்’ என்றும் தேடியாயிற்று.

இந்த இரண்டு அமைப்புகளின் கூட்டக் குறிப்புகள் தாய்ச் சங்கத்தின் ஆவணத் தொகுப்பிலேயே அடங்குமா, அல்லது அந்தந்த ஆண்டுத் தலைவராக இருந்த டீனின் கல்லூரிக் கோப்புகளில் தேட வேண்டுமா?